பக்கவாட்டில் பத்துப் பாகம்

பலகை வேலை செய்யுமா என்று கேட்டால், செய்யும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்விளிம்பைச் சாய்வாகச் சீவிய ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி ஓடுகிற போட்டிலிருந்து இழுத்தால், அது பின்னால் வராது. விலகி விலகிப் பக்கத்துக்குப் போகும். நாம் விட்ட கயிறு முடிகிற இடத்தில் நின்று, போட்டுக்குச் சமாந்தரமாக ஓடிக்கொண்டு வரும். அந்தக் கயிற்றில் தூண்டில் தங்கூசியை, அதாவது நைலோன் நூலை, கிளிப் போட்டு மாட்டிவிட்டால், இரை நம்முடைய எஞ்சின் நுரைக்குள் ஓடாமல் அங்கால வேறொரு தண்ணியில் ஓடும். காற்று பட்டத்தைத் தூக்குகிற மாதிரி, தண்ணி பலகையைப் பக்கத்துக்குத் தள்ளுகிறது. அவ்வளவுதான் சூத்திரம். எனக்குள் தீராமல் கிடப்பது வேறு கேள்வி: இலங்கையின் கிழக்கில், கல்குடாக் கடலில், அகலம் ஐந்தடி மட்டுமே உள்ள ஒரு பைபர் போட்டுக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பாகம் (பாகம் ஒன்று ஆறடி) இடம் எதற்கு? அந்த இடம் யாருடையது?

நான் கல்லாற்றுக்காரன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவன். வந்த இடம் கல்குடா, மாமா கடல்தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற மருமகனைக் கடலுக்குக் கூட்டிப்போவதில் அவருக்கு ஆரம்பத்தில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் போட்டின் முன்பக்கமான அணியத்தில் ஒரு பாரமாகக் குந்தியிருந்து குந்தியிருந்துதான் எனக்கு இந்தத் தொழிலில் கொஞ்சம் பிடிபட்டது. மாமாவின் ஒரே மகன், என் மச்சான், ரொறன்ரோவில் இருக்கிறார். அவரும் மீன் பிடிக்கிறவர்தான், ஆனால் பிழைப்புக்கில்லை. லீவு நாளில் ஒன்ராறியோ ஏரிக்குப் போய் சமன் (salmon) மீன் பிடித்து, படம் எடுத்து அனுப்புவார். இந்தப் பலகைக் கதை அவரிடமிருந்து வந்தது. வீட்டுக்குப் பெட்டி அனுப்பும்போது பிள்ளைகளின் உடுப்புக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில் மஞ்சள் பிளாஸ்ரிக் பலகை ஒரு சோடியும் வைத்து அனுப்பியிருந்தார்.

அப்பனும் மகனும்

போனில் அவர்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசும்போது ஸ்பீக்கர் என் கையில் இருக்கும். நடுவில் நான்.

"அப்பா, போட்டுச் சத்தத்துக்கும் நிழலுக்கும் மீன் விலகிப் போகுது. விலகிப்போன இடத்தில நீங்க தூண்டில் இழுக்கிறீங்க."

"மனே, எஞ்சின் நுரைக்குள்ள வந்து கொத்தின சூரைய நான் எத்தின பிடிச்சிருப்பன். அதுக்கெல்லாம் காது கேக்காதோ?"

இந்த வாக்குவாதத்தில் யார் சரி என்று நான் நெடுநாள் யோசித்தேன். இரண்டு பேரும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு தண்ணியைப் பற்றிப் பேசுகிறார்கள். மச்சானின் ஏரி 19,000 சதுர கிலோமீற்றர் அளவு, இலங்கையின் பரப்பில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அங்குள்ள பேரேரிகளில் பசிபிக் சமனை மனிதர்கள் கொண்டுபோய் விட்டார்கள். மிச்சிகன் ஏரியில் அது 1966 இல் பெரிய அளவில் தொடங்கியது. அந்த மீனை நம்பி விளையாட்டு மீன்பிடி வளர்ந்தது. இளவேனிலில் மீன் கரையோரம் ஆறடி, எட்டடித் தண்ணிக்கு ஏறி வரும். அவ்வளவு ஆழத்தில் போட்டு ஒன்று தலைக்கு மேலே போனால் மீன் இரண்டு பக்கமும் சிதறத்தான் செய்யும். போதாததற்கு 1988 இல் அந்தப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட வரிச் சிப்பி பேரேரிகள் முழுக்கப் பரவி, தண்ணியை வடித்து வடித்துக் கண்ணாடியாக்கி விட்டது. தெளிவு கூடக் கூட இரையைப் போட்டிலிருந்து தூரமாக்க வேண்டியதாயிற்று. அந்த ஏரியில் பலகை ஆடம்பரம் இல்லை.

மாமாவின் கடல் அப்படியில்லை. கிழக்கில் கண்டமேடை ஒடுக்கம். கரையை விட்டுக் கொஞ்ச நேரம் ஓடினாலே ஆழம் விழுந்துவிடும். மட்டக்களப்புக்கு நேரே, கரையிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் அளவில், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸ் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அந்த ஆழத்தில் ஓடித்திரிகிற சூரைக்கும் அறுக்குளாவுக்கும் மேலே ஒரு சின்ன போட்டு போவது பெரிய விசயமில்லை. நுரை சூரைக்கு ஆசையைக்கூட மூட்டும். கலங்கிய சாளைக் கூட்டம் என்று நினைக்குமோ என்னவோ, எஞ்சினுக்குக் கிட்ட விட்ட குட்டைத் தூண்டிலில்தான் பல நாள் முதல் கொத்து விழும்.

ஆனால் மச்சானிடம் இன்னொரு வாதம் இருந்தது. அதை மாமாவால் தட்ட முடியவில்லை. எண்ணெய். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்கு ஏறியதே, அந்த நாட்களில் கரையில் ஏற்றி வைத்த போட்டுகள் எத்தனை மாதம் அசையாமல் கிடந்தன என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஓடி இழுக்கிற தூண்டில் எண்ணெய் குடிக்கிற தொழில். ஐந்தடி அகலத்தில் மூன்று தூண்டில் விட்டாலே திருப்பத்தில் சிக்கும். பக்கத்துக்கு விரித்து ஐந்து, ஆறு விட்டால் அதே எண்ணெய்க்கு இரட்டிப்புத் தூண்டில். கணித வாத்தியாரை மயக்க இது போதும்.

பைனும் உடுப்புக் கிளிப்பும்

மஞ்சள் பலகை எங்களுக்குச் சரிவரவில்லை. அது தூண்டில் தடிக்காகச் செய்த சாமான். நூலிலேயே கொழுவி, மீன் பட்டதும் நூலைச் சுற்றிக்கொண்டு வந்து, பலகை கைக்கெட்டினதும் கழற்றுவது. நாங்கள் கையால் இழுக்கிறவர்கள். ஏரியில் அவர்கள் மணிக்கு இரண்டு, மூன்று மைல் வேகத்தில் ஊருகிறார்கள். அறுக்குளாவுக்கு ஐந்து நொட் (மணிக்குக் கிட்டத்தட்ட ஆறு மைல்) வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணியின் இழுவை நான்கு மடங்கு. அலையும் சேர்ந்தால் அந்தச் சின்னப் பலகை மூக்கைக் குத்தி முழுகுகிறது, இல்லாவிட்டால் துள்ளித் துள்ளி ஓடுகிறது.

ஆகவே பெரிய பலகை. வாழைச்சேனையில் ஒரு தச்சாசாரி வேப்பம் பலகையைத் தூக்கிக் காட்டினார், கல்லுப் பாரம். கடைசியில், வெளிநாட்டுச் சாமான் ஏற்றி வருகிற பலட்டைப் பிரித்தெடுத்த பைன் கிடைத்தது. இரண்டடி நீளம், ஒன்பது அங்குல உயரத்தில் இரண்டு பலகை. முன்விளிம்பில் சாய்வுச் சீவல். இரண்டையும் ஒன்றரை அடி இடைவெளியில் சமாந்தரமாக நிறுத்தித் திரெட் கம்பியால் பூட்டினோம். அது ஒரு பக்கத்துக்கு. மறு பக்கத்துக்குக் கண்ணாடியில் பார்த்தது போல எதிர்ச் சீவலோடு இன்னொரு சோடி. இடத்துப் பலகையை வலத்தில் விட்டால் நேரே போட்டுக்குக் கீழே வந்துவிடும். போட்டுத் திருத்தின மிச்ச ரெசினைப் பூசினோம். நிமிர்ந்து நிற்க அடியில் ஈயம். கயிறு கட்டுகிற கண் நடுவில் இல்லை, முன்னுக்கு. இந்தக் கண்ணில்தான் முழுச் சங்கதியும் இருக்கிறது. ஒரு அங்குலம் பின்னுக்கு வைத்தால் பலகை தண்ணிக்கு அகலமாக முகம் கொடுத்து மூர்க்கமாக வெளியே இழுக்கும், அலையில் புரளும். ஒரு அங்குலம் முன்னுக்கு வைத்தால் சாதுவாகப் பின்னால் வரும். நான் மூன்று துளை போட்டு வைத்தேன்.

அணியப் பக்கத்து இருக்கைப் பலகையில் துளை போட்டு, ஆறடி ஜீ.ஐ. குழாய் ஒன்றை நட்டுப் பாய்மரம் ஆக்கினோம். அதன் உச்சியிலிருந்து பலகைக்குக் கயிறு. உயரம் ஏன் என்றால், கயிறு தண்ணியில் முட்டாமல் நிற்க வேண்டும், கிளிப் மாட்டிய வளையம் சரிந்து போக வேண்டும். யன்னல் சீலை வளையத்தில் உடுப்புக் காய விடுகிற கிளிப்பைக் கட்டினோம். இரையைப் பின்னால் பதினைந்து பாகம் விட்டு, தங்கூசியைக் கிளிப்பின் வாயில் கடிக்கவிட்டு, வளையத்தைக் கயிற்றில் கொழுவி விட்டால், தண்ணி தங்கூசியை இழுக்கிற இழுவையிலேயே வளையம் தானாகக் கயிற்று வழியே வெளியே ஓடும். எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே தங்கூசியைப் பிடித்து நிறுத்தலாம். மீன் பட்டால் கிளிப் வாயைத் திறக்கும். தங்கூசி விழுந்து போட்டுக்கு நேர் பின்னால் வந்துவிடும். பிறகு வழமை போலக் கையால் இழுப்பதுதான். அறுக்குளாவின் பல்லுக்குத் தங்கூசி தாங்காது, தூண்டிலோடு சாணளவு கம்பி முடிந்திருக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஒரு பக்கப் பலகையை மட்டும் விட்டால் அணியம் அந்தப் பக்கம் இழுபடும். எஞ்சின் கைபிடியை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் விட்டதும் சமமாகி, போட்டு நூல் பிடித்த மாதிரி ஓடியது. அந்த முதல் ஓட்டத்தில் கச்சான் காத்து முதுகில் அடிக்க, கரைக்கடல் தட்டையாகக் கிடக்க, இரண்டு பக்கமும் வெள்ளைப் பலகைகள் சின்னதாக நுரை கிளப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை. மச்சானுக்கு வீடியோ பறந்தது.

விரலுக்குத் தெரியாதது

மாமா ஓடும்போது தங்கூசியைச் சுட்டுவிரலில் ஒரு தரம் வளைத்துப் பிடித்திருப்பார். பார்வை எங்கோ இருக்கும். திடீரென்று "சாதாழை கொழுவிற்று" என்று இழுத்தெடுப்பார். இரையின் வாலில் ஒரு நார் பாசி இருக்கும். இரை நீந்துகிறதா சுழல்கிறதா, பின்னால் மீன் ஒன்று முட்டிப் பார்த்துவிட்டுப் போகிறதா, எல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். கிளிப்புக்குப் போன தங்கூசியில் இதெல்லாம் செத்துவிடுகிறது. விரலில் வருவது கயிற்றின் அதிர்வும் பலகையின் இழுவையும் மட்டும். பாசி கொழுவிய இரையை அரை மணித்தியாலம் சும்மா இழுத்துக்கொண்டு திரிந்தது பிறகுதான் தெரிய வரும். மச்சானின் ஊரில் தடியின் நுனி ஆடுவதைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். எங்களிடம் தடியில்லை.

அதேநேரம் பலகை சொல்லித் தந்த ஒன்றையும் விடக்கூடாது. வலப்பக்கம் வளைத்தால் வலப் பலகை வேகம் குறைந்து இரை தாழும். இடப் பலகை வேகமெடுத்து இரை மேலெழும்பும். எந்தப் பக்கத்தில் கொத்து விழுகிறது என்று பார்த்தால் அன்றைக்கு மீனுக்கு எந்த வேகம் பிடிக்கிறது என்று தெரியும். நான் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னபோது மாமா சிரித்தார். "அதுக்குத்தானே மருமகன் நான் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடுறன். எண்ணெய் கூடினதுக்கோ?"

கதவு

விடியப்புறம்தான் இழுத்தூண்டிலுக்கு நல்ல நேரம். இராத்திரி விட்ட வலையை எல்லாரும் தூக்குகிற நேரமும் அதுதான். அந்தக் காலை இரண்டு பலகையும் வெளியே. எதிரே தூரத்தில் ஒரு போட்டில் இரண்டு பேர் வலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழமையாக என்றால் அவர்களை உரசிக்கொண்டு போய் "என்ன பாடு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பலாம். இப்போது எங்கள் அகலம் ஐந்தடி அல்ல, நூற்றிருபதடி. உடனே வளைக்கவும் முடியாது. இறுக்கி வளைத்தால் உள்பக்கப் பலகை நின்றுவிடும், கயிறு தொய்ந்து எஞ்சின் காற்றாடிக்குள் வரும். பெரிய வட்டமாகத்தான் திரும்ப வேண்டும். நாங்கள் அப்படித் திரும்ப, அந்த போட்டில் ஒருவர் எழும்பி நின்று கையை வீசினார். ஏசவில்லை. எங்கால போகப்போறீங்க என்ற கேள்விதான் அந்தக் கையில் இருந்தது. அவர்களின் வலை மிதப்பு வரிசை எங்கள் இடப் பலகைக்கு நேரே கிடந்தது.

மாமா எஞ்சினைக் குறைத்தார். ஒன்றும் பேசாமல் இடப் பலகையை இழுத்தெடுத்தார். நான் வலத்தை எடுத்தேன். மடியில் வைத்துச் சீவல் விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"மருமகன், இது கதவு."

எனக்கு விளங்கவில்லை.

"இழுவை மடிக்கு வாய் திறக்கிற கதவு. இளந்தாரியா இருக்கக்குள்ள மன்னார்ப் பேசாலையில நான் தூக்கித் தூக்கிப் போட்ட சாமான். அது இரும்பும் மரமும். இது பைன். வேலை ஒண்டுதான்."

அவர் சொன்னது சரி. இழுவை மடி என்றால் போட்டால் அடியில் இழுக்கிற பை வலை. அதன் இரண்டு பக்கமும் கட்டுகிற கதவுகள், ஓட்டத்தில் சாய்ந்து நின்று தண்ணியை வாங்கி வெளியே விலகுவதால்தான் மடியின் வாய் விரிகிறது. அதே கண், அதே சாய்வு. வடக்கில் அந்தக் கதவுகளால் பட்ட பாடு கொஞ்சமா? இந்த நாட்டில் அடியோட்டு இழுவையை 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது.

நான் விடவில்லை. "மாமா, மடி அடியை வழிச்சுக்கொண்டு போகுது. எங்களுக்கிட்ட நாலு தூண்டில்தானே?"

"தூண்டில் நாலுதான். இடம் எத்தின?"

"அப்ப வலை? அவர்ர வலை நாங்க எடுக்கிற இடத்தைப் போலப் பல மடங்கு நீளம்."

"ஓம். ஆனா அது எங்க கிடக்கெண்டு எல்லாருக்கும் தெரியும். கொடி நிக்கிது, வெளிச்சம் நிக்கிது. உங்கட பலகை எங்க வருமெண்டு ஆருக்குத் தெரியும்?"

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். வெறும் நீலமாகத் தெரிகிற கடல் வெறுமையாக இல்லை என்பது கரைவலைக்காரருக்குத் தெரியும். வலை வளைக்கிற எந்தப் பாடு எவருடையது, எந்த வாடிக்கு (கரையில் உள்ள தொழில் கொட்டிலுக்கு) எந்த முறை என்று கரையிலிருந்தே வெட்டிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெளியே போனால் அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பழக்கத்தில் இருக்கிறது. 19,000 சதுர கிலோமீற்றர் ஏரியில் லீவு நாளில் விரித்துக்கொண்டு போகிறவருக்கு இந்தக் கேள்வி வராது. பிறகு வாசித்துப் பார்த்தால், எல்லா வெள்ளைக்காரரும் பலகைக்குக் கைதட்டவில்லை. இங்கிலாந்தின் 1975 ஆம் ஆண்டு சமன், நன்னீர் மீன்பிடிச் சட்டத்தின் முதலாம் பிரிவே, இரையை வெளியே ஓட்டுகிற பலகை, தடி, சின்னப் படகு எல்லாவற்றையும் கம்பிச் சுருக்கோடும் ஈட்டியோடும் ஒரே பட்டியலில் போட்டுச் சமனுக்கும் ட்ரவுட்டுக்கும் ஆகாதென்கிறது. மச்சானுக்கு இதை அனுப்பினேன். "அது அங்க, இது கனடா" என்று பதில் வந்தது.

கல்லுப் பக்கம்

பலகைகள் கொஞ்ச நாள் வாடிக் கூரையில் சொருகிக் கிடந்தன. திரும்ப எடுத்தது நானல்ல, மாமா. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கண்ணில் கட்டியிருந்த கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"மறுகா என்ன மாமா?"

"ஒண்டை மட்டும் விடுவம். கல்லுப் பக்கம்."

கல்குடா, பாசிக்குடாப் பக்கத்துக் கடலுக்குள் கல்லுப் பார், தண்ணிக்குள் மறைந்த பாறைத் திட்டு, இருக்கிறது. பாரின் விளிம்பில் தண்ணி உடைந்து வெள்ளையாகும் இடத்தில்தான் பாரையும் சீலாவும் நின்று சின்ன மீனை அடிக்கும். அங்கே போட்டைக் கொண்டுபோக ஏலாது. ஒரு அலை தூக்கிக் கல்லில் வைத்தால் பைபர் அடி பிளந்துவிடும். வலையும் ஒருவரும் விடமாட்டார், கல்லு தின்றுவிடும். ஆக, போட்டு ஆழத்தில் பத்திரமாக ஓட, பலகை மட்டும் பத்துப் பாகம் உள்ளே, வெள்ளைத் தண்ணியின் ஓரத்தில் ஓடலாம். பக்கத்து இடம் அங்கே யாருடையதும் இல்லை. மச்சான் சொன்ன ஆறடித் தண்ணி விசயமும் அங்கே அப்படியே பொருந்துகிறது: ஆழமில்லை, தெளிவு, மீன் வெருண்டு நிற்கும் இடம்.

நடுத் துளையை விட்டுப் பின் துளையில் கயிறு கட்டினோம். எஞ்சின் கைபிடியை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடிக்கிற வேலை எனக்கு. மாமா கையில் தங்கூசி. வேகத்தை நான்கு நொட்டுக்குக் குறைத்ததால் பலகை புரளாமல் நின்றது. பாரின் மூலையைக் கடக்கும்போது கிளிப் "டப்" என்று விட்டது. தங்கூசி தண்ணியில் விழுந்து இறுகியதும் மாமா எழும்பி நின்றே இழுத்தார். பாரை. கல்லுக்குள் இறங்கப் பார்த்தது, போட்டை வெளியே திருப்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அதே மூலையில் ஒன்று. தூண்டில் ஒன்றுதான் என்பதால் பாசி கொழுவினால் உடனே எடுத்துப் பார்க்கவும் நேரமிருந்தது.

மச்சான் போனில் கேட்டார்: "மற்றப் பலகை?"

"வாடியில இருக்கு மனே. உனக்குத் தேவையெண்டால் பெட்டியில போட்டு அனுப்புறன்."

எண்ணெய்க் கணக்கில் மச்சானின் வாதத்தை நான் இன்னும் கைவிடவில்லை. ஒரு பலகை, ஒரு தூண்டில் என்றால் இரட்டிப்பு எங்கே போனது? கல்லுப் பக்கம் அந்தக் கயிற்றிலேயே இரண்டாவது வளையம் ஒன்றை, ஐந்து பாகத்தில் நிறுத்தலாம் என்பது என் எண்ணம். வெளியே உள்ள தூண்டிலில் மீன் பட்டால் உள் தங்கூசிக்கு மேலால் அது வந்து விழும், சிக்கும் என்பது மாமாவின் எண்ணம். உள் தூண்டிலைக் குட்டையாக, பத்துப் பாகம் மட்டும் பின்னால் விட்டால் சிக்காது என்று தாளில் கீறிக் காட்டியிருக்கிறேன். இன்னும் சம்மதம் வரவில்லை. அதற்கு முதல் கிளிப்பைப் பார்க்க வேண்டும்; உப்புத் தண்ணியில் உடுப்புக் கிளிப்பின் ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டு கிழமையில் வாய் தளர்ந்துவிடுகிறது, நான்கு நொட்டில் மீனில்லாமலே விட்டுவிடுகிறது. சைக்கிள் டியூப்பில் மெல்லிய வளையம் வெட்டி, தங்கூசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, யன்னல் வளையத்தில் கொழுவிப் பார்க்கிறோம். மீன் பட்டால் டியூப் அறும், வளையம் மிஞ்சும். அரை அங்குல அகலத்தில் வெட்டியது அறவே இல்லை, மீனையும் பலகையையும் சேர்த்து இழுக்க வேண்டி வந்தது. கால் அங்குலம் சரிவரும் போல இருக்கிறது. வாடைக் காத்துத் தொடங்கிக் கடல் மூட முதல் பார்த்துவிட வேண்டும்.